கோடை முகாம் கைவேலை: காசு குறைவு, பிள்ளைகள் அதிகம். யோசனை சொல்லுங்கள்

மரநிழல்:
எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கோடை முகாமில் கைவேலை நேரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வயது வாண்டுகள் முதல் 'எங்களுக்கு எல்லாம் தெரியும்' என்கிற பதின்மூன்று வயதுக்காரர்கள் வரை, சுமார் நாற்பது பேர். ஒரு வாரம், தினமும் ஒன்றரை மணி நேரம். ஒதுக்கிய பணம் ரொம்பக் குறைவு. ஆளுக்கு ஒன்று என்று பெட்டியில் விற்கிற 'கிட்' வாங்கினால் இரண்டாம் நாளே கை காலி. ஓவன் கிடையாது. ஒரு தண்ணீர்க் குழாய், நாலு நீள மேசை, வெளியே ஒரு பெரிய மரம். உதவிக்கு இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். இணையத்தில் தேடினால் ஐஸ்கிரீம் குச்சி, மினுக்குத் தூள், ஒட்டுக்கண் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. நிஜமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பசைக்கை:
முதலில் ஒன்று. உங்களுக்கு முதலில் தீரப்போவது பணம் இல்லை, காய வைக்கிற இடம். நாற்பது ஈரத்தாள் நாலு மேசையிலும் கிடந்தால் அடுத்த வேலையை எங்கே வைத்துச் செய்வது? அதனால் ஒரு நாள் ஈர வேலை, மறுநாள் உலர் வேலை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே இரண்டு கொடி கட்டித் துணிக் கிளிப் மாட்டிவிட்டால் மேசை தப்பிக்கும். கெட்டியாகச் சாயம் பூசிய தாளைத் தொங்கவிட்டால் வழியும். அதை மட்டும் தரையில் பரப்பி, மூலைக்கு ஒரு கல் வைத்துவிடுங்கள்.

அப்புறம் பெயர். தாளைக் கையில் கொடுத்ததும் பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் ஊறி முன்பக்கம் வந்துவிடும். பெயர் இல்லாத நாற்பது வண்ணத்துப்பூச்சிகளை மாலையில் பிரித்துக் கொடுப்பது ஒரு தனித் தண்டனை.

காசு போட வேண்டியது மூன்றுக்குத்தான். நல்ல கத்தரிக்கோல், பெரிய டப்பாவில் வெள்ளைப் பசை, பெரிய பாட்டிலில் போஸ்டர் கலர். கத்தரிக்கோலில் இரண்டு மூன்று இடது கைக்கானதாக வாங்குங்கள். வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் விரல் அழுத்தம் இரண்டு அலகையும் பிரித்துத் தள்ளும், தாள் வெட்டுப்படாமல் மடங்கும். பிள்ளை தனக்குத்தான் வெட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

கலரில் பன்னிரண்டு நிறப் பெட்டி வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஐந்து போதும், கலக்குவதே ஒரு நாள் வேலை. சிவப்பு மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்பை நீலத்தோடு கலந்தால் ஊதா வராது, அழுக்குப் பழுப்புதான் வரும். மெஜந்தா பக்கம் சாய்ந்த சிவப்பு கிடைத்தால் ஊதா பளிச்சென்று வரும்.

காகிதக்கப்பல்:
பசைக்கை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முகாம் தொடங்க ஒரு வாரம் முன்பே வீடுகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்: பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, டிஷ்யூ ரோலின் நடு அட்டை, முட்டை அட்டை, மிச்ச நூல், தனியாகிப்போன பட்டன். வந்து குவியும். தகர டப்பா மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும்.

நூலாம்படை:
உலர் வேலைக்கு என் ஓட்டு நூல் வேலைக்குத்தான். கைக்கயிறு என்றால் எல்லோரும் முடிச்சுப் போட்டுப் பின்னுவதைத்தான் நினைக்கிறார்கள். அது ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிரமம், பாதியில் சிக்கி அழுகை. அட்டை வட்டில் பின்னுவது வேறு மாதிரி. ஜப்பானில் கயிறு பின்னுகிற 'குமிஹிமோ' என்று ஒரு பழைய கலை இருக்கிறது. அதன் எளிய வடிவம் இது. விரிவாகவே எழுதுகிறேன், அப்படியே செய்து பாருங்கள்.

கெட்டி அட்டையில் உள்ளங்கை அளவு எண்கோணம் வெட்டுங்கள். நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டை. எட்டுப் பக்கத்திலும் நடுவே விரல் நக நீளத்துக்கு ஒரு வெட்டு. இப்போது ஏழு நூல். எட்டு வெட்டு, ஏழு நூல், அதுதான் சூட்சுமம். நூல் ஒவ்வொன்றும் மணிக்கட்டுச் சுற்றளவைப்போல நாலு மடங்கு நீளம் இருக்கட்டும். ஏழையும் ஒரு முனையில் சேர்த்து முடிந்து, முடிச்சை ஓட்டை வழியே கீழே விட்டு, மேலே வெட்டுக்கு ஒரு நூலாக மாட்டுங்கள். ஒரு வெட்டு காலியாக நிற்கும்.

காலி வெட்டு உங்களைப் பார்த்திருக்கட்டும். அங்கிருந்து வலது பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாவது நூலை எடுத்துக் காலி வெட்டில் மாட்டுங்கள். இப்போது வேறொரு வெட்டு காலியாகிவிட்டது. அட்டையைத் திருப்பி அதை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். மறுபடி மூன்று எண்ணி எடுத்து மாட்டுங்கள். அவ்வளவுதான், வேறு விதியே கிடையாது. எப்போதும் ஒரே பக்கமாக எண்ண வேண்டும், அது மட்டும் முக்கியம். கொஞ்ச நேரத்தில் அட்டைக்கு அடியில் கயிறு உருண்டையாக இறங்கத் தொடங்கும். அவ்வப்போது முடிச்சைப் பிடித்து மெல்ல இழுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓட்டையிலேயே குவியும்.

பாதியில் சாப்பாட்டு மணி அடித்தாலும் கவலை இல்லை. நூல்கள் வெட்டிலேயே நிற்கும், எங்கே விட்டோம் என்பதைக் காலி வெட்டு சொல்லிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் மூன்று வரை எண்ண வரும். பெரியவர்கள் நிறங்களை எந்த வரிசையில் மாட்டினால் என்ன வடிவம் வருகிறது என்று ஆராயத் தொடங்கிவிடுவார்கள். பைக்குள் போட்டுப் பேருந்துக்கும் எடுத்துப் போகலாம்.

மரநிழல்:
நூலாம்படை, இப்போதே பழைய பெட்டி அட்டையில் ஒன்று வெட்டிப் பார்த்தேன். வருகிறது! நெளிவரி அட்டையாக இருந்ததால் வெட்டு கொஞ்சம் தளர்கிறது. பரவாயில்லையா?

நூலாம்படை:
நெளிவரி அட்டை இரண்டு மூன்று கயிறு தாங்கும், அப்புறம் பிசிறும். நோட்டுப் பின் அட்டை, காலண்டர் அட்டை இவை நல்லது. கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லி முன்பே நாற்பது வெட்டி வைத்துவிடுங்கள். எண்கோணம் வெட்டுவதைச் சிறுவர்களிடம் விட்டால் அன்றைய நேரம் அதற்கே போய்விடும்.

சொட்டுநீலம்:
ஈர வேலைக்கு நான் வருகிறேன். காபி வடிதாள் அல்லது கொஞ்சம் தடித்த டிஷ்யூ, கறுப்பு ஸ்கெட்ச் பேனா, தண்ணீர். மூன்றே பொருள். தாளை வட்டமாக வெட்டி, நடுவில் நாணய அளவுக்குக் கறுப்பு வளையம் வரையுங்கள். வளையத்தின் நடுப்புள்ளியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, சுருட்டிய டிஷ்யூத் திரியைச் செருகி, திரி மட்டும் தண்ணீரில் படும்படி கோப்பை மேல் வையுங்கள். தண்ணீர் திரி வழியே ஏறித் தாளில் பரவும்போது கறுப்பு பிரிந்து நீலம், ஊதா, மஞ்சள் என்று விரியும். கறுப்பு மை பல நிறங்களின் கலவை. ஒவ்வொரு நிறமும் தாளைப் பிடித்துக்கொள்கிற அளவு வேறு என்பதால் ஒன்று சீக்கிரம் நின்றுவிடுகிறது, ஒன்று விளிம்பு வரை ஓடுகிறது. இரண்டு மூன்று கம்பெனிப் பேனா வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறம் வரும். யாருடையது என்ன ஆகும் என்று பந்தயமே கட்டுவார்கள். 'பெர்மனென்ட்' என்று போட்ட பேனா வேலைக்கு ஆகாது, அந்த மை தண்ணீரில் அசையாது.

காய்ந்ததும் நடுவில் கொசுவித் துணிக் கிளிப்பில் செருகினால் வண்ணத்துப்பூச்சி. மெல்லிய தாள் என்பதால் சீக்கிரமே காய்ந்துவிடும்.

இன்னொன்று வெயில் அச்சு. உங்களிடம் வெயிலுக்கா பஞ்சம்? மலிவான அடர் நிறக் கைவேலைத் தாளின் சாயம் வெயிலில் வெளுக்கும். அந்தக் குறையைத்தான் பயன்படுத்துகிறோம். நீலம் அல்லது ஊதாத் தாளின் மேல் இலை, சாவி, கத்தரித்த வடிவம் எதையாவது வைத்து, நகராமல் சின்னக் கற்களால் அழுத்தி, உச்சி வெயிலில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுத்தால் மூடிய இடம் மட்டும் அடர்த்தியாக நிற்கும். காலையில் வைத்து மாலையில் எடுக்கலாம்.

பெரியவர்களுக்கு இதன் கதையையும் சொல்லலாம். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப் முறை இதன் அண்ணன். இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாள் வெயில் பட்டு, தண்ணீரில் அலசியதும் அடர் நீலமாகும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற இங்கிலாந்துத் தாவரவியலாளர் கடற்பாசிகளை அந்தத் தாளில் நேரடியாக வைத்துப் பதிவெடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். படங்கள் எல்லாம் கேமரா இல்லாமல் எடுத்த ஒளிப்படங்கள். பூசிய தாள் கடையில் கிடைக்கும், ஆனால் நாற்பது பேருக்கு வாங்கக் கட்டுப்படியாகாது.

எட்டாம்மடிப்பு:
பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்களை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அவர்களிடம் வண்ணத்துப்பூச்சி என்று சொல்லிப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்குப் பொருள் ஏதாவது வேலை செய்ய வேண்டும்: சுழல வேண்டும், பறக்க வேண்டும், ஏமாற்ற வேண்டும்.

ஹெக்ஸாஃபிளெக்ஸகன் கொடுத்துப் பாருங்கள். நீளத் தாள் நாடாவில் பத்துச் சமபக்க முக்கோணம். மடித்து, கடைசி முக்கோணத்தை முதலோடு ஒட்டினால் அறுகோணம். பார்த்தால் முன், பின் என்று இரண்டு முகம்தான். நடுவில் கிள்ளி விரித்தால் ஒளிந்திருந்த மூன்றாவது முகம் வெளியே வரும். மூன்றுக்கும் மூன்று நிறம் பூசிவிட்டால் பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். 1939-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆர்தர் ஸ்டோன் என்ற இங்கிலாந்து மாணவர், அமெரிக்கத் தாள் தன் கோப்புக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டினார். வெட்டி விழுந்த நாடாக்களைச் சும்மா மடித்துப் பார்த்தபோது பிறந்தது இது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஃபெயின்மனும் அதை ஆராய்ந்த மாணவர் கூட்டத்தில் இருந்தார். செலவு ஒரு துண்டுத் தாள்.

இன்னும் சுலபமாக வேண்டுமென்றால் சுழல் வட்டு. அட்டை வட்டின் ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு, இடமும் வலமும் நூல் கட்டி முறுக்கி விட்டால் பறவை கூண்டுக்குள் தெரியும். 1820-களில் லண்டனில் பரபரப்பாக விற்ற பொம்மை. ஒரு விஷயம்: பறவையை வரைந்த பிறகு வட்டைப் புத்தகப் பக்கம்போலப் புரட்டினால், மறுபக்கக் கூண்டைத் தலைகீழாக வரைய வேண்டும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

கண்டிப்பு_டீச்சர்:
எல்லாம் சரி. ஆனால் முடித்த மாதிரி ஒன்றை மேசையில் வைத்துக் காட்டாமல் எதையும் தொடங்காதீர்கள் மரநிழல். 'உன் இஷ்டம்போலச் செய்' என்றால் பாதிப் பிள்ளைகள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பசைக்கை:
டீச்சர், இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு மாதிரி வைத்தால் நாற்பது நகல் வரும். அது வந்தால்கூடப் பரவாயில்லை. 'என்னுடையது அதைப்போல இல்லை' என்று பாதிப் பேர் கசக்கி எறிவார்கள், தாள் வீண். மூன்று மாதிரி வையுங்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்தே வராத மாதிரி. அதில் ஒன்று பாதியில் நிற்கட்டும், எப்படிச் செய்வது என்பது அதில்தான் தெரியும். தொடங்கியதும் மூன்றையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

கண்டிப்பு_டீச்சர்:
மூன்று வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எடுத்து உள்ளே வைப்பதில்தான். மடிப்பு வேலைக்கும் நூல் வேலைக்கும் அது கண் முன்னால் இருந்தே ஆக வேண்டும், அங்கே வழி தவறினால் பொருளே வராது. வண்ண வேலைக்கு வேண்டுமானால் உங்கள் முறை.

பசைக்கை:
அப்படிப் பிரித்தால் ஒப்புக்கொள்கிறேன்.

மரநிழல்:
ரொம்ப நன்றி, குறித்துக்கொண்டே வருகிறேன். மூன்று கேள்வி. உப்பு மாவுப் பொம்மை ஓவன் இல்லாமல் வருமா? பலூன் மேல் காகிதம் ஒட்டி முகமூடி செய்வது ஒரு வாரத்தில் முடியுமா? மினுக்குத் தூள் ஒரு பெரிய டப்பா சும்மா கிடக்கிறது, எடுக்கலாமா?

காகிதக்கப்பல்:
உப்பு மாவு வரும். கோதுமை மாவு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். விரல் தடிமனுக்கு மேல் போனால் உள்ளே காயாது, தட்டையான தொங்கட்டான், பதக்கம், பெயர்ப்பலகை இவையே போதும். தொங்கவிட ஓட்டை ஈரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். வெயிலில் இரண்டு மூன்று நாள், தினமும் புரட்டிப் போடுங்கள். அதனால் முதல் நாளே செய்து, கடைசி நாளுக்கு முந்தின நாள் வண்ணம். வீட்டில் நாய் இருக்கிற பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்: அதில் இருக்கிற உப்பின் அளவு நாயின் உயிருக்கே ஆபத்து.

பலூனுக்கும் முதல் நாள்தான் தொடங்க வேண்டும். காகிதத்தை வெட்டாதீர்கள், கிழியுங்கள். கிழித்த ஓரம் மெலிந்திருப்பதால் ஒன்றோடொன்று தழுவி ஒட்டும், வெட்டிய ஓரம் கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மாவும் தண்ணீரும் சம அளவு கரைத்த பசை, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் உப்பு. நாளுக்கு ஒரு அடுக்கு, மூன்று நாலு அடுக்கு போதும். ஒரு அடுக்கு வெறும் செய்தித்தாள், அடுத்தது வண்ணப் பத்திரிகைத் தாள் என்று மாற்றினால் எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு பலூனை நெடுக்கில் பாதியாக வெட்டினால் இரண்டு முகமூடி, இருவருக்கு ஒன்று போதும். ஊதுவதும் உடைப்பதும் பெரியவர்கள் வேலை. உடைந்த பலூன் துண்டு எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும், ஒரு துண்டும் தரையில் கிடக்கக்கூடாது.

சொட்டுநீலம்:
மினுக்குத் தூளைத் திறக்கவே திறக்காதீர்கள். திறந்தவெளியில் கொட்டினால் மண்ணோடு போய்விடும், பெரும்பாலும் அது பொடிசாக நறுக்கிய பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நுண்பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, உதிரியாக விற்கிற பிளாஸ்டிக் மினுக்குத் தூளும் அதில் மாட்டியது. பளபளப்பு வேண்டுமென்றால் சாக்லேட் சுற்றிய தாளை நறுக்கி ஒட்டுங்கள், பெருக்கினால் வந்துவிடும்.

அரைக்கால்சட்டை:
யாரும் கல்லைப் பற்றிச் சொல்லவில்லையே. கூழாங்கல் பொறுக்கி வரச் சொல்லுங்கள், பொறுக்குவதிலேயே அரை மணி ஓடும். போஸ்டர் கலர் கல்லில் நிற்காது, கை ஈரம் பட்டாலே வரும். அக்ரிலிக் கொஞ்சம் வாங்கினால் போதும். கழுவி நன்றாகக் காய்ந்த கல், புள்ளி வைக்கப் பிரஷ் வேண்டாம், பென்சிலின் பின்பக்கம்.

நூலாம்படை:
பெரிய கல் மட்டும். வாயில் போகிற அளவுக் கல்லைச் சின்னவர்கள் மேசையில் வைக்காதீர்கள்.

கண்டிப்பு_டீச்சர்:
இரண்டு குச்சியைக் குறுக்கே வைத்துக் கம்பளி நூல் சுற்றுகிற 'கடவுளின் கண்' முகாம்களில் ரொம்பப் பிரபலம். செய்யலாமா? மெக்சிகோவின் விஷாரிகா மக்களுக்கு அது வழிபாட்டுப் பொருள், பிள்ளைகளின் நலனுக்காக நேர்ந்து செய்வது என்று படித்ததிலிருந்து தயக்கமாக இருக்கிறது.

எட்டாம்மடிப்பு:
நூல் சுற்றுகிற வேலையை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிடலாம். அல்லது யாருடையது, எதற்கு என்று சொல்லிவிட்டுச் செய்யலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நூலாம்படை:
எனக்கு இரண்டும் வேண்டாம், டீச்சரின் தயக்கம் நியாயம் என்று நினைக்கிறேன். பதிலுக்குக் காகிதத் தட்டு நெசவு இருக்கிறது. தட்டின் ஓரத்தில் சுற்றிலும் வெட்டுப் போட்டு, அவற்றில் பாவு நூல் (நடுவிலிருந்து ஓரத்துக்குச் சக்கர ஆரம்போல ஓடுகிற அடிப்படை நூல்) மாட்டி, நடுவிலிருந்து மேலே கீழே என்று நூலைக் கோத்துச் சுற்றிவர வேண்டும். பாவு ஆரங்கள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், பதினைந்து அல்லது பதினேழு. இரட்டைப்படையானால் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்று போன வழியிலேயே மேலே கீழே போகும், நெசவு பிடிக்காது. மிச்ச நூலெல்லாம் இதில் தீர்ந்துவிடும்.

மரநிழல்:
இப்போது ஒரு உருவம் வந்துவிட்டது. திங்கள் உப்பு மாவு, கூடவே முகமூடிக்கு முதல் அடுக்கு. செவ்வாய் கைக்கயிறு, தொடங்கும் முன் இரண்டாம் அடுக்கு. புதன் காலையில் வெயில் அச்சு வைத்துவிட்டு மை வண்ணத்துப்பூச்சி, நடுவே மூன்றாம் அடுக்கு. வியாழன் உப்பு மாவுக்கும் முகமூடிக்கும் வண்ணம். வெள்ளி தட்டு நெசவு, பெரியவர்களுக்கு அறுகோணம். கல் வேலையை மழை வந்தால் எடுக்கலாம் என்று ஒதுக்கி வைக்கிறேன். சரியா?

பசைக்கை:
திங்கட்கிழமை இரண்டு ஈர வேலை சேர்கிறது. ஒரே குழாயில் நாற்பது பேர் மாவுக் கையோடு வரிசையில் நிற்பார்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு மாவில் இருக்கும்போது இன்னொன்று பலூனில், பாதியில் மாற்றம். குழாய்க்குப் போகும் முன் கை முக்க இரண்டு வாளி வையுங்கள். மாவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இருக்கிறது.

எட்டாம்மடிப்பு:
சீக்கிரம் முடிக்கிறவர்களுக்கு ஒரு மூலையில் பழைய பத்திரிகையும் குச்சியும் வையுங்கள். தாளை நீள முக்கோணமாக வெட்டி, அகலப் பக்கத்திலிருந்து குச்சியில் சுருட்டி, நுனியில் பசை தொட்டு உருவினால் மணி. முக்கோணத்தின் அடி அகலம்தான் மணியின் நீளம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு டப்பா சேர்ந்துவிடும், கைக்கயிறு நுனியில் கோத்துக்கொள்ளலாம்.

மரநிழல்:
குழு பிரிப்பது, வாளி, மணி மூலை மூன்றையும் சேர்த்துக்கொண்டேன். காலண்டர் அட்டைக்கு இன்றே ஆள் அனுப்புகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிறு மாலை வெட்ட வருகிறார்கள்.

நூலாம்படை:
நாற்பத்தைந்தாக வெட்டச் சொல்லுங்கள். உதவிக்கு வருகிறவர்களும் ஒன்று கேட்பார்கள்.